பதினேழு காராமணி

புத்திமான் படம் எடுக்கும்போது யாரையும் 'நில்லு' என்று சொன்னதில்லை. கல்யாண வீடோ, பையனுக்கு முதல் முடி இறக்கும் வீடோ, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார். கொடுத்தால் கேழ்வரகுக் கள் ஒரு கிண்ணம் குடிப்பார். அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே எல்லோருக்கும் மறந்து போகும்வரை காத்திருப்பார். மறந்த பிறகு ஒரு சத்தம் கேட்கும், காய்ந்த சோளத்தட்டையை முறித்த மாதிரி. அவ்வளவுதான், எடுத்தாயிற்று.

எங்கள் மலைமேட்டில் அவர் எடுக்காத முகமே கிடையாது. ஆனால் அந்தக் கேமராவோடு அவர் இருந்த காலம் முழுவதும் 'நில்லு' என்று சொன்னது இரண்டே தடவை. முதல் தடவை ஓர் ஆற்றங்கரையில். இரண்டாம் தடவை எங்கள் வீட்டு முற்றத்தில்.

புத்திமான் என் வீட்டுக்காரர். இருந்தவரை அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். யாருக்குப் பிடிக்கவில்லையோ அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

எங்கள் ஊரில் பையன்களுக்கு மீசை வந்தால் பட்டாளம். வெள்ளைக்காரர்களின் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போவார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆறு மாத விடுப்பில் வருவார்கள். வருகிற ஒவ்வொருவனும் ஏதாவது கொண்டுவருவான். ஒருவன் ரேடியோ, ஒருவன் குடை, ஒருவன் பல்லில் தங்கம். புத்திமான் கேமரா கொண்டுவந்தார்.

அதற்கு முன்னும் அவரிடம் ஒன்று இருந்தது, தகர டப்பா மாதிரி. உச்சி வெயிலில் மட்டும்தான் அதற்குக் கண் தெரியும். அதில் எடுத்த படத்தில் என் மாமியாருக்குத் தலை இருக்காது, அவர் பிடித்திருக்கும் ஆட்டுக்கு இருக்கும். சிங்கப்பூரில் அவர் வாங்கிய இரண்டாவதுதான் கேமரா. கனமானது, குளிர்ந்தது. கண்ணாடியைச் சுற்றி இரண்டு வளையங்கள், ஒன்று தூரத்துக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. தோல் உறையில் புதுச் சேணத்தின் வாசனை. தினமும் அதைத் துணியில் பரப்பித் துடைப்பாராம். பக்கத்துக் கட்டிலில் ஹர்கஜங் படுத்துக்கொண்டு கிண்டல் பண்ணுவானாம்.

"துப்பாக்கியக்கூட நீ இப்படித் தொடச்சதில்லையேடா. அதுக்குத் தாலாட்டு வேற பாடுவியா?"

ஹர்கஜங் என் அத்தை மகன். என் அப்பாவின் கூடப்பிறந்த ஜஸ்மாயா அத்தைக்கு ஒரே பிள்ளை. முறைப்படி நான் அவனுக்குத்தான். நான் மாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து புத்திமானைக் கட்டிக்கொண்டேன். அத்தை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. ஹர்கஜங் மறுநாளே பேசிவிட்டான். "இந்த ஊமையப் போய் கட்டிக்கிட்டியே மைலி. பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்னா சொல்லு, நான் வந்து தின்னுட்டுப் பேசிட்டுப் போறேன்." அவனுக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. பிறக்கும்போதே அவசரம், வயலில்தான் பிறந்தான். அவனும் இவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களைப் படம் எடுப்பது சுலபமில்லை. ஏன் என்று சொல்கிறேன். வருஷா வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வருபவர் பையன்களை வரிசையில் நிறுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லி, நெஞ்சை நாடாவால் அளப்பார். அதைப் பார்த்துப் பார்த்து, பட்டாளத்துக்காரன் எதையாவது தூக்கி நம்மைப் பார்த்தால் நெஞ்சை விரிக்க வேண்டும் என்று ஊருக்கே மனதில் பதிந்துவிட்டது. அவர் கேமராவைத் தூக்கினால் போதும், கிழவிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை விரித்து நிற்பார்கள். கண் பிதுங்கும். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அவர் காத்திருக்கப் பழகினார். மூச்சு எத்தனை நேரம் நிற்கும்? விட்டுத்தானே ஆக வேண்டும். விடுகிற அந்த நேரத்தில் எடுப்பார்.

படம் எங்கள் கைக்கு வருவதற்கு ஒரு வருஷம்கூட ஆகும். சுருளை அவர் சிங்கப்பூருக்குத் திரும்பக் கொண்டுபோய்க் கழுவி, விடுப்பில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அதற்குள் படத்தில் உள்ள கன்றுக்குட்டி ஈன்றிருக்கும், முற்றத்து மரம் சாய்ந்திருக்கும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் போன வருஷத்துக்குள் எட்டிப் பார்ப்போம்.

அந்த வருஷம் பட்டாளம் போர்னியோ காட்டில் இருந்தது. காட்டின் ஈரம் கேமராவுக்கு ஆகாது என்று ஒரு தகரப் பெட்டியில் வறுத்த அரிசியைப் போட்டு அதற்குள் வைத்திருந்தார். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். காட்டில் பதினைந்து எடுத்தார். அந்தப் பதினைந்திலும் ஹர்கஜங் இருந்தான். சோறு பொங்குகிறான், அட்டையைப் பிடுங்குகிறான், ஒரு நாய்க்குட்டிக்குத் தொப்பி மாட்டுகிறான்.

பதினைந்தாவது படம் ஆற்றங்கரையில். முகாமுக்குத் திரும்பும் வழி. காலையில் முழங்கால் அளவு இருந்த ஆறு, எங்கோ மேலே மழை பெய்து இடுப்புக்கு வந்திருந்தது. கயிறு கட்டிக் கடந்தார்கள். இவர் கடந்து வந்து, பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தார். அக்கரையில் கடைசி ஆளாக ஹர்கஜங், கயிற்றை அவிழ்ப்பதற்காக நின்றான். இவரைப் பார்த்துச் சிரித்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே இவர் கத்தினார், "டேய், நில்லு! அப்படியே நில்லு!"

படம் எடுத்தார். அதன் பிறகு ஹர்கஜங் இறங்கினான். மரம் ஒன்று ஆற்றோடு வந்தது. உடம்பு கிடைக்கவில்லை.

விடுப்பில் வந்த முதல் வாரமே இதை என்னிடம் சொன்னார். அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே சொன்னார். "நான் நில்லுன்னு சொன்னேன் மைலி. சொல்லாம இருந்திருந்தா அந்த நேரத்துல இந்தக் கரைக்கு வந்திருப்பான்." நான் சோற்றைப் போட்டேன்.

அத்தையின் வீட்டுக்கு ஹர்கஜங்கின் இரும்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு போனதும் அவர்தான். உள்ளே சட்டைகள், காற்சட்டைகள், தொப்பி, எல்லாம் பட்டாளத்து வண்ணான் துவைத்து மடித்துத் தேய்த்தது. அத்தை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். அடிவரை முகர்ந்தார்.

"சோப்பு வாசனை," என்றார். "எல்லாத்துலயும் சோப்பு வாசனை. எம் பையன் எங்க மாப்பிள்ளை?"

எங்களில் ஒருவர் செத்தால் அன்றைக்கு ஒரு காரியம், வருஷம் கழித்து ஒரு பெரிய காரியம். பெரிய காரியத்தில் மூங்கிலால் உருவம் கட்டி, செத்தவரின் துணியைப் போர்த்தி, அவருடைய முடியையோ நகத்தையோ உள்ளே வைப்பார்கள். பூசாரி மூன்று நாள் பாடி, ஊர் ஊராக, கணவாய் கணவாயாக, முன்னோர் இருக்கும் இடம் வரை அவருக்கு வழி சொல்லி அனுப்புவார், பிறகு உருவத்தை எரித்துவிடுவார்கள். முடியும் இல்லை, நகமும் இல்லை என்றால் யாருக்கு வழி சொல்வது? துவைத்த சட்டைக்கா?

புத்திமானுக்குப் பேச வராது. வராத பேச்சை அன்றைக்குப் பேசிவிட்டார். நெஞ்சில் தொங்கிய கேமராவைத் தொட்டு, "இதுக்குள்ள இருக்கான் அத்தை," என்றார்.

அத்தை கேமராவைப் பார்த்தார். இரும்புப் பெட்டியை மூடினார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அதே சுருளில் மிச்சம் இருந்த இருபத்தொரு படத்தையும் அவர் எங்கள் மகளை எடுத்தே தீர்த்தார். இவர் பட்டாளத்தில் இருந்தபோது பிறந்த பிள்ளை. ஜுன்கிரி என்று கூப்பிடுவோம், மின்மினி என்று அர்த்தம். இரண்டு வயது. அவள் பார்த்த நேரமெல்லாம் அப்பனுடைய முகம் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்தது. அதனால் அவள் கேமராவைத்தான் 'அப்பா' என்று கூப்பிட்டாள். கேமரா ஆணியில் தொங்கினால் அதன் கீழே போய் நின்று, "அப்பா, கீழ வா," என்பாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "உங்களுக்கு இந்த வீட்ல வேலையே இல்லீங்க, எந்திரிச்சுப் போங்க." அவரும் சிரிப்பார். எதிரே நிற்கும் மீன்வால் பனிமலைமேல் வெயில் விழுந்து இறங்கும், கோழிகள் முற்றத்தில் மண்ணில் குளிக்கும், ஜுன்கிரி அவற்றின் பின்னால் ஓடுவாள், சோளத்தட்டை முறியும். எனக்கு அந்த மாதங்கள் ஒரே ஒரு நீளமான காலை நேரம் மாதிரி நினைவில் இருக்கின்றன.

பிறகு ஊருக்குள் அம்மை வந்தது. ஜுன்கிரி மூன்று நாள்தான் தாங்கினாள்.

பால்பல் விழாத பிள்ளைக்கு எங்களில் வழி பாடுவதில்லை. அன்றைக்கே காட்டுக்குக் கீழே கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். உருவம் கிடையாது, பூசாரி கிடையாது. அவள் சட்டையைக்கூட அவளோடு வைத்தாயிற்று. வீட்டுக்கு வந்து புத்திமான் கேமராவின் குமிழைத் திருப்பிச் சுருளைச் சுற்றினார். கிர்ரென்று வெகுநேரம் சத்தம் வந்தது. சுருளை வெளியே எடுத்து, திருகுமூடி போட்ட ஒரு சின்ன அலுமினிய டப்பாவில் வைத்து என் கையில் கொடுத்தார். நான் அதை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டேன். தண்ணீருக்குப் போனாலும் புல்லுக்குப் போனாலும் அது என் இடுப்பில் இருந்தது.

குளிர் விட்டு மலைச்சரிவில் பூ வந்த நாளில் ஜஸ்மாயா அத்தை எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, பெரிய காரியத்துக்கு நாள் குறிச்சாச்சு. நீ பட்டாளத்துக்குத் திரும்பறதுக்குள்ள முடிச்சிடணும். அவனைக் கடைசியாப் பார்த்தவன் நீதான், நீ நிக்கணும்."

"நிக்கிறேன் அத்தை."

"உருவத்துக்குள்ள வைக்க ஒண்ணுமில்லன்னு பூசாரி சொல்றாரு. அவன் உங்கிட்ட இருக்கற அந்தப் பொட்டிக்குள்ள இருக்கான்னு நீதானே சொன்ன? எடு."

இவர் என்னைப் பார்த்தார். என் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அத்தை," என்றார் இவர், "நான் சிங்கப்பூர் போய்க் கழுவி, அவன் முகத்தைப் பெருசாப் போட்டு அனுப்பறேன். ஒரு வருஷம் பொறுத்துக்குங்க."

"அது யாரோ அங்க தாள்ல போட்டுக் குடுக்கறது. நிழலோட நிழல். எனக்கு அது எதுக்கு? அவன் மேல பட்ட வெளிச்சம் எதுல விழுந்துச்சோ அது வேணும். அதுதான் நகம் மாதிரி."

"அதுல என் பொண்ணு இருக்கா," என்றேன் நான்.

அத்தை முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "மைலி, நீ எம் பையனைக் கட்டமாட்டேன்னு சொன்ன. விட்டேன். இப்ப அவனைப் போக விடவும் மாட்டேங்கறியா?"

"கட்டாததும் இதுவும் ஒண்ணா அத்தை? எனக்கு அவ முகம் வேணும். அவளுக்கு வேற ஒண்ணுமே இல்ல. உங்க பையனுக்காவது பூசாரி பாடுவாரு."

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். எங்கள் குடும்பத்துப் பெண்கள் நின்றால் மாடு கட்டி இழுத்தாலும் நகர மாட்டோம். கடைசியில் இவர்தான் மெதுவாகச் சொன்னார், "பாதி பாதியா வெட்டலாம்."

சுருளின் முன்பாதி ஹர்கஜங், பின்பாதி ஜுன்கிரி. வெளியே இழுத்து வெட்டுவது சுலபம், ஆனால் வெளிச்சம் பட்டால் பட்ட இடம் அழிந்துவிடும் என்றார். "எரிக்கப்போறதுதானே, அழிஞ்சா என்ன?" என்று கேட்டதும் அவர்தான். எனக்குக் கோபம் வந்தது. அவனை வெயிலில் அழித்துவிட்டு வெறும் நாடாவையா அத்தை கையில் கொடுப்பது? உள்ளே இருக்கிறவனை உள்ளே இருக்கிறபடியே கொடுக்க வேண்டும் என்றேன். அப்படியானால் இருட்டில், கண் இல்லாமல், விரலால் எண்ணி வெட்ட வேண்டும்.

பிலிமின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு படத்துக்கு எட்டு ஓட்டை. சுருள் மாட்டியதும் இரண்டு படம் சும்மா ஓட்டுவார், அப்புறம் பதினைந்து. ஆக, எட்டு எட்டாகப் பதினேழு தடவை. வீணாய்ப் போன ஒரு பழைய சுருளை எடுத்துப் பழகிப் பார்த்தார். ஐந்தாவது எட்டிலேயே அவருக்கு எண்ணிக்கை தப்பியது. காட்டுப் புண்ணில் அவர் விரல்நுனிகள் தடித்துப் போயிருந்தன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குத் தெரியும்.

"குடுங்க," என்றேன்.

எனக்கு எழுத்து தெரியாது. இருபதுக்கு மேல் எண் சொன்னால் தடுமாறுவேன். ஆனால் ஏழு வயதிலிருந்து கம்பளி நெய்கிறேன். எட்டு இழைக்கு ஒரு கட்டம் என்று விரல் தானே நடக்கும், வாய் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாலும் நடக்கும். ஓர் இழை பிசகினாலும் கையே நின்றுவிடும். பழைய சுருளில் இரண்டு தடவை எண்ணிக் காட்டினேன். அவர் பதினேழு காராமணியைப் பொறுக்கி என் மடியில் போட்டார். ஓர் எட்டு முடிந்தால் ஒரு காராமணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். மடி காலியானால் வெட்ட வேண்டும்.

நடுப்பகலில் மச்சில் ஏறினேன். அவர் சன்னலை அடைத்து, என்மேல் கறுப்புக் கம்பளி மூன்று போர்த்தி, ஓரமெல்லாம் அரிசி மூட்டையால் அழுத்தினார். உள்ளே ஆட்டு வாசனை, என் மூச்சின் சூடு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். டப்பாவைத் திறந்து, சுருளுக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பிலிம் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

பிலிம் குளிர்ந்து வழுவழுப்பாக வந்தது, ஆற்றுமீனின் வயிறு மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நடந்தது. கிண்ணத்தில் முதல் காராமணி விழுந்த சத்தம் வீட்டுக்கே கேட்டிருக்கும். இரண்டும் வெறும் படம். மூன்றாவதில் அவன் வந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஹர்கஜங் போய்க்கொண்டிருந்தான். இங்கே சோறு பொங்குகிறான். இங்கே நாய்க்குட்டி. அந்தக் காட்டின் மழை, அந்த இலைகள், எல்லாம் என் விரலைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தன. வெளியே கோழி கொக்கரித்தது, அது வேறு ஏதோ ஊரில் கொக்கரித்த மாதிரி இருந்தது. எனக்குப் பயமே இல்லை. ஆற்றில் கால் வைத்து மெதுவாக நடக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச தூரத்தில், அந்தக் கரையில், கோழி துரத்திக்கொண்டு என் பெண் இருந்தாள்.

பதினாறாவது காராமணி விழுந்தது. மடியில் ஒன்று மிச்சம். இன்னும் எட்டு ஓட்டை.

அங்கே என் விரல் நின்றது. நாக்கு எங்கே முடிகிறது, எண்ணத் தொடங்கின இடம் சரிதானா? ஒரு விரற்கடை தவறினால் கத்தரி என் பெண்மேல் விழும். அவளுடைய முதல் படம். இவர் வந்த மறுநாள், பயந்துபோய் என் முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. ஹர்கஜங்குக்குப் பதினைந்து இருக்கிறது, பதினான்கு போதாதா என்று தோன்றியது. தோன்றியது என்ன, முடிவே பண்ணிவிட்டேன். கம்பளி வெட்டும் கத்தரியை எடுத்து அந்த இடத்திலேயே வெட்டினேன். சுருளின் குமிழைத் திருப்பி மிச்சத்தின் வாலை உள்ளே இழுத்துக்கொண்டேன். வெட்டின பாதியைச் சுருட்டிக் கறுப்புத் துணியில் கட்டினேன். மிச்சமிருந்த காராமணியை இடுப்பில் முடிந்தேன்.

"ஆச்சா?" என்றார் வெளியிலிருந்து.

"ஆச்சு."

"பதினேழும்?"

"ஆச்சுன்னு சொன்னேன்ல? கம்பளிய எடுங்க, மூச்சு முட்டுது."

அவர் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. காராமணியைக் கோழிக்கு வீசிவிட்டார்.

பெரிய காரியத்தின் மூன்றாம் நாள். மூங்கில் உருவத்துக்குப் பட்டாளத்துச் சட்டையும் தொப்பியும் போட்டு, நெஞ்சுக்குள் அந்தக் கறுப்புப் பொட்டலத்தை வைத்திருந்தார்கள். வழி தொடங்குவதற்கு முன் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். செத்தவன் அதற்குள் வருவான். வந்து, போகச் சம்மதம் என்றால் ஆடு உடம்பைச் சிலிர்க்கும். சிலிர்த்தால்தான் பூசாரி பாட்டைத் தொடங்குவார்.

ஆடு சிலிர்க்கவில்லை.

தண்ணீர் தெளித்தார்கள். பொரி வைத்தார்கள், தின்றது. வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்தது. பூசாரி மேளத்தை நிறுத்திவிட்டு, "யாரோ பிடிச்சு வெச்சிருக்கீங்க. யாரா இருந்தாலும் மனசார விடுங்க," என்றார்.

எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. முறைப்பெண் இல்லையா? பின்னால் ஒருத்தி, "கட்டிக்கவும் இல்ல, விடவும் இல்ல," என்றாள். இன்னொருத்தி கிளுக்கென்று சிரித்தாள். என் இடுப்பில் அந்த ஒற்றைக் காராமணி நெருப்பு மாதிரி இருந்தது. புத்திமான் உருவத்தின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்தது. வாயைத் திறக்கலாம் என்று வந்தது. திறந்தால் மிச்சச் சுருளையும் கேட்பார்கள். நான் திறக்கவில்லை.

ஜஸ்மாயா அத்தை எழுந்து போனார். ஆட்டின் காதைப் பிடித்தார். பூசை மாதிரி இல்லை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் காதைப் பிடிக்கிற மாதிரி.

"டேய், ஒருநாளும் நிக்காதவன் இன்னிக்கு மட்டும் எதுக்குடா நிக்கற? கிளம்பு. அம்மா சொல்றேன், கிளம்பு."

மலையிலிருந்து காற்று இறங்கியது. ஆடு காதிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மேளம் எழுந்தது. சாயங்கால வெயிலில் மேட்டின் விளிம்பில் உருவத்தைப் பிரித்து எரித்தார்கள். மூங்கில் எரிந்தது. பொட்டலம் எரியவில்லை, உருகிச் சுருண்டு, காரமான ஒரு மணத்தோடு ஒன்றுமில்லாமல் போனது.

புத்திமான் சுருளின் மிச்சத்தோடு பட்டாளத்துக்குத் திரும்பினார். அந்த வருஷம் கேழ்வரகு அறுக்கும்போது கீழ்த்தெருப் பையன் ஒருவன் விடுப்பில் வந்து ஒரு காகித உறையைக் கொடுத்தான். கடிதம் இல்லை. படங்கள் மட்டும். கூடவே ஒரு நீளமான பிலிம் துண்டு.

வயலிலேயே உட்கார்ந்து பார்த்தேன். அவள் இருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். மற்றதில் பாதிக்கு மேல் புகை மாதிரி, ஓடுகிறாள், ஒரு காலும் ஒரு கோழியும் தெரிகின்றன. எனக்கு அது போதும். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் இருந்தது. இடது ஓரம் கத்தரி பட்டுக் கோணலாக வெட்டுண்டிருந்தது. ஹர்கஜங், ஆற்றின் அக்கரையில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

அன்றைக்கே அத்தையின் வயலுக்கு ஏறினேன். அரிவாளோடு குனிந்திருந்தவர் முன்னால் படத்தையும் காராமணியையும் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணு கொறச்சு வெட்டினேன் அத்தை. தெரிஞ்சேதான் வெட்டினேன். அடிக்கறதுன்னா அடிங்க."

அத்தை படத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரைப் பார்த்துச் சிரிக்கறான்?"

"அவரைப் பார்த்துத்தான். நில்லுன்னு சொன்னாராம். அதனாலதான் தண்ணி வந்துடுச்சுன்னு நெனச்சு நெனச்சுச் சாகறாரு."

"நின்னானா?" என்றார் அத்தை. விரலால் படத்தின் அடியைத் தொட்டார். "கண்ணு தெரியுதா உனக்கு? இங்க பாரு."

பார்த்தேன். அவன் வலது கால் தண்ணீருக்குள் இருந்தது. இடது கால் தூக்கியிருந்தது, அது மட்டும் புகையாக. ஜுன்கிரியின் கால் மாதிரியே புகையாக. அவன் நின்றுகொண்டிருக்கவில்லை. வந்துகொண்டிருந்தான்.

"எம் பையன் யார் சொல்லியாவது நின்னிருக்கானா? கூப்பாடு போட்டவனுக்குத்தான் தெரியல, பெத்தவளுக்குத் தெரியாதா?" அத்தை வரப்பில் உட்கார்ந்தார். பிலிம் துண்டை வாங்கி விரித்தார். முதல் கட்டத்தில் ஹர்கஜங், அதை ஒட்டி அடுத்த கட்டத்தில் என் பெண், நடுவில் ஒரு நகக்கீறல் அளவு வெள்ளை. "சின்னதுக்கு வழி பாடலைன்னு அழுதியே. பக்கத்துலயே சித்தப்பன் இருக்கான், பாரு. தூக்கிட்டுப் போயிருப்பான்."

"இதையும் எரிச்சிடணுமா அத்தை?"

"எதுக்கு? ஆடு சிலிர்த்துடுச்சு. போனவன் போயிட்டான். இவன் சிரிக்க வந்தவன், இருக்கட்டும்." பிறகு என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "இது பொய் சொன்னதுக்கு."

மூன்று வருஷம் கழித்துப் பட்டாளத்தில் ஆள் குறைத்தார்கள், புத்திமான் பென்ஷனோடு வந்துவிட்டார். வந்த அன்றைக்கே அத்தை அவரை உட்கார வைத்து அந்தப் படத்தைக் காட்டினார். காலைக் காட்டினார். சிங்கப்பூரிலேயே அவர் அதைப் பார்த்திருந்தார். முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார், காலைப் பார்க்கவில்லை. கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். வீட்டுக்கு நடந்து வரும்போது என்னைக் கேட்டார்.

"மைலி, நெசமாச் சொல்லு. வேணும்னுதான் அங்க வெட்டினியா?"

"எண்ணிக்கை தப்பிடுச்சு."

அவர் சாகும்வரை அதைத்தான் சொன்னேன். நான் நெய்த கம்பளியில் ஓர் இழை பிசகி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை, அவரும் கேட்பதை நிறுத்தவில்லை. கேட்கும்போது அவர் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே நான் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை முற்றத்தில் கேழ்வரகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மலைமேல் அப்போதுதான் வெயில் இறங்கியிருந்தது. கோழிகளை விரட்டக் கையைத் தூக்கினேன். வாசலில் அவர், கழுத்தில் கேமரா.

"மைலி," என்றார். "நில்லு. அப்படியே நில்லு."

நான் என் வாழ்க்கையில் யார் சொல்லியும் நின்றவளில்லை. அன்றைக்கு நின்றேன். நெஞ்சை விரிக்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. தூக்கின கையோடு, கோழிகள் கேழ்வரகைக் கொத்தக் கொத்த, நின்றுகொண்டே இருந்தேன். அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.